மேட்டூரில் 100 அடி என்றால் வயலுக்கு எத்தனை நாள் தண்ணீர்?

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் செய்தித்தாளை உள்பக்கத்திலிருந்துதான் பிரிப்பார்கள். அங்கே ஒரு மூலையில் நான்கு எண்கள் இருக்கும்: மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், நீர் இருப்பு. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் வளர்ந்தவன் நான். "மேட்டூர் நூறைத் தொட்டுவிட்டது" என்று யாராவது சொன்னால் நாற்றங்காலுக்கு இடம் பார்க்கத் தொடங்குவார்கள். "அறுபதுக்குக் கீழே கிடக்கிறது" என்றால் விதைக்கோட்டையை அவிழ்க்காமல் வைத்திருப்பார்கள். எங்கோ சேலம் மாவட்டத்தில் நிற்கும் ஒரு சுவரின் கணக்கு எங்கள் வீட்டு அடுப்பு வரை வந்து சேரும்.

இப்போது பட்டணத்தில் படிக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த நான்கு எண்களும் வெறும் எண்கள். கல்லணையிலும் அணை இருக்கிறதே, அங்கேயே தேக்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்கிறார்கள். மின்சாரம் எடுத்த பிறகு தண்ணீரில் சத்து குறைந்துவிடுமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்விகள். அவர்களுக்காகவும், அவர்களைப் போலக் கேட்க நினைப்பவர்களுக்காகவும் பல்நோக்கு அணை என்றால் என்ன என்பதை மேட்டூரை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் கல்லணை. கரிகாலன் பெயரால் நாம் பெருமைப்படும் அந்த அணை தண்ணீரைத் தேக்குவதில்லை, பங்கிடுகிறது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பாசனத்துக்குப் பிரித்துவிட்டு, மிஞ்சுவதைக் கொள்ளிடத்துக்குத் தள்ளுகிறது. அதற்கு மேலே, ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய முக்கொம்பு மேலணையும் இதே வகைதான்: காவிரியையும் கொள்ளிடத்தையும் பிரிக்கும் இடம். டெல்டா தட்டையான பூமி. இங்கே ஆற்றை மறித்து உயரமாக ஒரு சுவர் எழுப்பினால் தண்ணீர் மேலே ஏறாது, பக்கவாட்டில் பரவி ஊர்களை மூழ்கடிக்கும். தேக்குவதற்கு இருபுறமும் மலை வேண்டும், நடுவே குறுகலான வாய் வேண்டும், பின்னால் அகலமான பள்ளம் வேண்டும். காவிரி மலைநாட்டை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் இடத்தில், பாலமலைக்கும் சீதாமலைக்கும் நடுவே அப்படி ஓர் இடம் அமைந்தது. அதுதான் மேட்டூர்.

1924 பிப்ரவரியில் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி மேலே கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜ சாகர் அணையும், கீழே மேட்டூர் அணையும் வரலாம் என்று முடிவானது. அதே 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம் டெல்டாவைச் சின்னாபின்னமாக்கியது. 1925இல் மேட்டூரில் வேலை தொடங்கியது. பொறியாளர் கர்னல் எல்லிஸ் வடிவமைத்த அணை 1934 ஆகஸ்ட் 21 அன்று திறக்கப்பட்டது. அப்போதைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். கல்லணைக் கால்வாய் இதே திட்டத்தின் ஒரு பகுதியாகத்தான் வெட்டப்பட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆற்றுப் பாசனம் போய்ச் சேர்ந்தது அதனால்தான்.

அடி, கன அடி, டிஎம்சி

நீர்மட்டம் அடியில் சொல்லப்படும். மேட்டூரின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. இது ஆழத்தின் அளவு, தண்ணீரின் அளவு அல்ல.

தண்ணீரின் அளவு டிஎம்சி. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக ஒரு டிஎம்சி ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். இந்த எண் யாருக்கும் மனதில் நிற்காது. வயல்கணக்கில் சொன்னால் நிற்கும்: ஒரு டிஎம்சி தண்ணீரைக் கொட்டினால் ஏறத்தாழ 23,000 ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும். பழைய கணக்கில் மூவாயிரத்து நானூறு வேலிக்குக் குறையாது. ஒரு போகம் நெல்லுக்கு மொத்தமாக நான்கடித் தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு டிஎம்சி ஆறாயிரம் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக விளைவிக்கும். வழியில் மணல் குடிப்பதையும் வெயில் குடிப்பதையும் இதில் சேர்க்கவில்லை.

வரத்தும் வெளியேற்றமும் 'விநாடிக்கு இத்தனை கன அடி' என்று வரும். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. இந்த ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் மனக்கணக்கில் வந்துவிடும். 12,000 கன அடி திறந்திருக்கிறார்கள் என்றால் நாளொன்றுக்கு ஒரு டிஎம்சியும் கொஞ்சமும் போகிறது.

பெரும்பாலோர் இடறுவது அடுத்த இடத்தில். 120 அடிக்கு 93.47 டிஎம்சி என்றால் 60 அடிக்கு அதில் பாதி என்று நினைத்துவிடுகிறோம். நீர்த்தேக்கம் தொட்டி போலச் செங்குத்தாக இல்லை. அது வாயகன்ற கிண்ணம். அடியில் குறுகலாகவும் மேலே போகப் போக அகலமாகவும் இருக்கும். அதனால் 60 அடியில் இருப்பது ஏறத்தாழ 25 டிஎம்சிதான், கால் பங்கைக் கொஞ்சம் தாண்டும். 100 அடியில் 65 டிஎம்சியை ஒட்டி இருக்கும். கடைசி இருபது அடி மட்டும் 28 டிஎம்சிக்கு மேல் பிடிக்கிறது. "இன்னும் இருபது அடிதானே குறைகிறது" என்று யாராவது சொன்னால், குறைவது மொத்த அணையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு என்று அவருக்குச் சொல்லுங்கள்.

எட்டு முறை வேலை செய்யும் தண்ணீர்

மாடியில் வைத்திருக்கும் தண்ணீர்த்தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மாடிக் குழாயில் தண்ணீர் மெல்ல வரும், கீழ்வீட்டுக் குழாயில் பாய்ந்து வரும். தொட்டி ஒன்றுதான், உயரம்தான் வேறு. அணையின் அடிப்பகுதியில் குழாய் பதித்து, மேலே நிற்கும் தண்ணீரின் எடை முழுவதையும் அந்தக் குழாயில் இறக்கினால் வரும் பாய்ச்சல் ஒரு பெரிய சக்கரத்தைச் சுழற்றும். அதுதான் டர்பைன். அதோடு பூட்டிய ஜெனரேட்டரில் மின்சாரம் பிறக்கிறது.

எவ்வளவு மின்சாரம் என்பது இரண்டே இரண்டைப் பொறுத்தது: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து. விநாடிக்கு 10,000 கன அடி தண்ணீர் 40 மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொண்டால், எந்திர இழப்புகள் போகச் சுமார் 100 மெகாவாட் கிடைக்கும். அதே தண்ணீர் 20 மீட்டர்தான் இறங்குகிறது என்றால் 50 மெகாவாட். அணை வற்ற வற்ற, அதே அளவு தண்ணீரைத் திறந்தாலும் மின்சாரம் குறைவது இதனால்தான்.

சக்கரத்தைச் சுற்றிய தண்ணீர் எங்கே போகிறது? ஆற்றுக்குத்தான். ஒரு சொட்டுக் கூடக் குறையாது, சத்தும் குறையாது. அது இழந்தது உயரத்தை மட்டும். நெற்பயிருக்கு உயரம் எதற்கு? அதனால் ஒரே தண்ணீர் முதலில் மின்வாரியத்துக்கு வேலை செய்துவிட்டு, பிறகு உழவனுக்கு வேலை செய்ய முடிகிறது. பல்நோக்கு அணை என்ற எண்ணமே இந்த ஒரு இயல்பின் மேல்தான் நிற்கிறது.

மேட்டூரில் அணையை ஒட்டிய மின்நிலையம் 1937இலிருந்து இயங்குகிறது, இன்று அதன் திறன் 50 மெகாவாட். 1960களில் வந்த சுரங்க மின்நிலையம் 200 மெகாவாட். இவற்றில் ஒன்றின் வழியாக வெளியே வரும் தண்ணீர் உடனே ஓய்ந்துவிடுவதில்லை. செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு இடங்களில் கதவணை கட்டி, ஆற்றைச் சில மீட்டர் உயர்த்தி, தலா 30 மெகாவாட் எடுக்கிறார்கள். பவானியைத் தாண்டிய பிறகு பவானி கட்டளைக் கதவணைகள் மூன்று, அவையும் தலா 30 மெகாவாட். ஆக மேட்டூரில் புறப்பட்ட தண்ணீர் கரூர்ப் பக்கம் வருவதற்குள் எட்டு முறை சக்கரம் சுற்றிவிட்டு வருகிறது. எங்கள் மோட்டார் கொட்டகையில் எரியும் விளக்கும் வாய்க்காலில் ஓடும் தண்ணீரும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆனால் இந்த உறவில் ஒரு சிக்கல் உண்டு. மின்சாரம் ஆண்டு முழுவதும் வேண்டும், கோடையில் கூடுதலாக வேண்டும். பாசனத்துக்கு ஜூன் முதல் ஜனவரி வரைதான் வேண்டும். வெள்ளத்தைத் தடுக்க அணை காலியாக இருப்பது நல்லது. பாசனத்துக்கோ நிரம்பி இருப்பது நல்லது. குடிநீருக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் வேண்டும். ஒரே கிண்ணத்தின் மேல் நான்கு பேரின் கை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நிறைவு தர முடியாது, யார் முதலில் என்று ஒரு வரிசை வேண்டும். மேட்டூரைப் பொறுத்தவரை அந்த வரிசையில் மின்சாரம் பாசனத்துக்குப் பின்னால் நிற்கிறது. வயலுக்காகத் திறக்கும்போது மின்சாரமும் கிடைக்கிறது. வயலுக்கு மூடிவிட்டு, குடிநீருக்கு ஆயிரம் கன அடி போலத் திறந்திருக்கும் நாட்களில் கதவணை மின்நிலையங்கள் பெரும்பாலும் சும்மா கிடக்கும். இந்த வரிசை சரி என்றே நான் நினைக்கிறேன். மின்சாரத்துக்கு வேறு வழிகள் இருக்கின்றன, காற்றாலை இருக்கிறது, சூரியத் தகடு இருக்கிறது. கருகும் நாற்றுக்குத் தண்ணீரைத் தவிர வேறு மாற்று இல்லை.

ஏன் ஜூன் 12?

மேட்டூர் திறக்கும் மரபுநாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. இந்தத் தேதிகளை யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து வசதிக்காகக் குறித்ததாகப் பலர் நினைக்கிறார்கள். ஐப்பசி மழையிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை டெல்டாவில் இறங்கிவிடும். அதற்குள் குறுவை என்னும் குறுகிய கால நெல்லை அறுத்துக் களத்திலிருந்து வீட்டுக்கோ கொள்முதல் நிலையத்துக்கோ போய்விட வேண்டும். ஆடுதுறை 36 போன்ற குறுவை ரகத்துக்கு 110 நாள். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, கிளை வாய்க்கால்களுக்குள் நுழைந்து எங்கள் மடையை எட்ட இன்னும் பத்து நாளாவது ஆகும். எண்ணிக்கொண்டே போனால் ஜூன் நடுவில் கொண்டுவந்து நிறுத்தும்.

அதனால்தான் எங்களுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை விட எப்போது தண்ணீர் என்பது பெரிய கேள்வி. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12 தவறிப்போனது. 2020இல் மீண்டும் அந்த நாளில் திறந்தபோது கல்லணையில் பூவும் நெல்லும் தூவினார்கள். 2022இல் மே 24 அன்றே திறந்தது. 2023இல் சரியான நாளில் திறந்தும், மேலேயிருந்து வரத்து இல்லாமல் அக்டோபர் 10 அன்று மூடிவிட்டார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம், ஆற்றை நம்பியவர்களுக்குக் குறுவை இல்லை. அந்த ஆண்டு கடைசியில் அணை நிரம்பித்தான் இருந்தது. நிரம்பிய அணை, கடந்துபோன குறுவையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஒரு முறை எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது, தலைமடையில் நடவு முடிந்து வெகுநாள் கழித்து. வறண்ட வாய்க்காலில் முதல் தண்ணீர் வருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முன்னால் நுரை, சருகு, செத்தை. பின்னால் ஒரு விரல் தடிமனுக்கு மண்நிறத் தண்ணீர், வெடிப்புகளுக்குள் இறங்கி இறங்கி வரும். மடையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் சித்தப்பா குனிந்து அதை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் நாற்று அதற்குள் முற்றிப்போயிருந்தது.

கிண்ணம் போதாது

ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை சுமார் 230 நாளைக்கு டெல்டாவுக்கு 330 டிஎம்சி வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. உள்ளூர் மழை கைகொடுத்தால் அந்த அளவுக்கு இது குறையும். மேட்டூர் நிரம்பி வழிந்தாலும் 93.47 டிஎம்சிதான். அதாவது ஒரு பருவத்துக்குள் அணை பல முறை நிரம்பி நிரம்பிக் காலியாக வேண்டும். மேட்டூரை உண்டியல் என்று நினைப்பதை விட, மாதச் சம்பளம் வந்து போகும் வீட்டுப் பெட்டி என்று நினைப்பது பொருத்தம். பெட்டி எவ்வளவு பெரியது என்பதோடு, சம்பளம் நாள் தவறாமல் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்தச் சம்பளம் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. அது முதலில் கர்நாடகத்தின் ஹாரங்கி, ஹேமாவதி, கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளில் நிற்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் இறுதித் தீர்ப்புத் தந்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதைத் திருத்தி, எல்லையில் பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தர வேண்டும் என்றது. அந்த மொத்த எண்ணை எல்லாரும் அறிவார்கள். அதற்குள் மாதக்கணக்கு ஒன்று இருப்பதுதான் முக்கியம்: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று நீள்கிறது அந்தப் பட்டியல். அக்டோபரில் மேலே வெள்ளம் வந்து, தேக்க முடியாமல் திறந்துவிட்ட தண்ணீரையும் சேர்த்து ஆண்டுக்கணக்கை நேர் செய்துவிடலாம். ஜூலையில் வராத தண்ணீர் வராததுதான்.

மேகதாது பற்றி இங்கே இவ்வளவு கவலை ஏன் என்பதும் இதில் விளங்கும். அங்கே கர்நாடகம் கட்ட நினைப்பதும் ஒரு பல்நோக்கு அணைதான்: 67.16 டிஎம்சி கொள்ளளவு, 400 மெகாவாட் மின்சாரம், பெங்களூருவுக்குக் குடிநீர். மின்சாரம் தண்ணீரைக் குடிக்காது என்று நானே மேலே சொன்னேன். ஆனால் தண்ணீர் என்றைக்குக் கீழே இறங்கும் என்பதை அணையின் மதகைக் கையில் வைத்திருப்பவர் முடிவு செய்வார். கிருஷ்ணராஜ சாகருக்கும் கபினிக்கும் கீழே இன்று தடையில்லாமல் ஓடிவரும் ஆற்றுக்கும் அங்கே ஒரு கதவு வந்துவிடும். குறுவைக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவனின் பயம் அந்தக் கதவைப் பற்றியது.

அணையால் நாம் இழந்ததையும் சொல்லிவிட வேண்டும். டெல்டா என்பதே காவிரி ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல். அணையில் தண்ணீர் நின்றவுடன் வண்டல் அடியில் படிந்துவிடுகிறது, தெளிந்த தண்ணீர்தான் நமக்கு வருகிறது. ஆறு சும்மா கொடுத்த உரத்தை இப்போது மூட்டையாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். கடலோரத்தில் ஆற்றுத் தண்ணீரும் மண்ணும் குறையக் குறைய, உப்புநீர் நிலத்துக்குள் ஏறுகிறது. வேதாரண்யம் பக்கம் போனால் கிணற்று நீரைச் சுவைத்தே தெரிந்துகொள்ளலாம். அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களும் உண்டு. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தண்ணீரை விட்டு வெளியே தெரியும். அதைப் படம் எடுக்கக் கூட்டம் கூடும். அந்த நந்தி கண்ணில் பட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் சோறு இறங்காது.

இனி அந்த நான்கு எண்களுக்கு வருவோம். கணக்குக்காக ஒரு ஆகஸ்ட் 1ஆம் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் 100 அடி, இருப்பு 65 டிஎம்சி, வரத்து 5,000 கன அடி, வெளியேற்றம் 12,000 கன அடி. வரத்தை விட 7,000 கன அடி கூடுதலாகப் போகிறது. 11,574ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 0.6 டிஎம்சி இறங்குகிறது. குடிநீருக்கென்று அடியில் ஒரு 10 டிஎம்சியை விட்டுவிட்டால் கையில் இருப்பது 55. அதை 0.6ஆல் வகுத்தால் தொண்ணூறு நாளை ஒட்டி வரும். வெயிலில் ஆவியாவதைக் கழித்தால் அதற்கும் கொஞ்சம் குறையும்.

ஆகஸ்ட் 1இலிருந்து தொண்ணூறு நாள் என்றால் அக்டோபர் கடைசி. அந்த நேரத்தில் ஐப்பசி மழை இறங்கிவிட்டால், குறுவையை விட நீண்ட நாள் நிற்கும் சம்பா நெல் தப்பித்துக்கொள்ளும். மழை தள்ளிப்போனால் பால் பிடிக்கும் முன்பே பயிர் காயும். இந்தக் கணக்கை மனதுக்குள் போட்டுவிட்டுத்தான், செய்தித்தாளை மடித்து வைக்கும் ஒருவர், 155 நாள் ஓடும் சி.ஆர். 1009 நெல்லை விதைப்பதா, அதைவிட இருபது நாள் குறைந்த ரகத்துக்கு மாறுவதா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார்.